தரங்கம்பாடித் தச்சுத்தேனீ

தரங்கம்பாடித் தச்சுத்தேனீ என்பது ஏப்பிடே குடும்பத்தின் சைலோக்கோப்பா பேரினத்தைச் சேர்ந்த, மரத்தைத் துளைத்துக் கூடு அமைக்கும் பெரிய தேனீ இனமாகும். இதன் அறிவியற்பெயர் சைலோக்கோப்பா டிராங்குபாரிக்கா என்பதாகும். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வெப்பமான பகுதிகளில் வாழும் இவ்வினம், இரவில் பறந்து உணவு தேடுவதனால் ஏனைய பெரும்பாலான தேனீக்களிலிருந்து வேறுபடுகின்றது. நிலவு இல்லாத இரவிலும் விண்மீன்களின் ஒளியை மட்டும் கொண்டு இது பூக்களுக்குச் சென்று, தன் கூட்டுக்குத் திரும்பக் கூடியது.

தமிழகக் கடற்கரை ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்தும் தமிழ்நாட்டில் இத்தேனீயை அறிந்தோர் குறைவு. பகலில் முருங்கைப் பூவிலும் எருக்கம்பூவிலும் இரைச்சலுடன் வந்தமரும் கருநிறத் தச்சுத்தேனீக்களையே மக்கள் "கருவண்டு" என்று அறிந்துள்ளனர். இவை தரங்கம்பாடித் தச்சுத்தேனீயின் உறவினங்கள். இக்கட்டுரை இரவில் பறக்கும் இனத்தை முதன்மையாகவும், தூத்துக்குடி முதலிய தென்கடற்கரைப் பகுதிகளில் எளிதில் காணக்கூடிய பகல் இனங்களை ஒப்பீட்டுக்காகவும் விவரிக்கின்றது.

பெயர்

சைலோக்கோப்பா என்னும் பேரினப் பெயர் "மரம் வெட்டுபவர்" எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரான்சு நாட்டுப் பூச்சியியலாளர் லத்ரேய் 1802 ஆம் ஆண்டு இப்பேரினத்தை நிறுவினார். தமிழில் வழங்கும் "தச்சுத்தேனீ", "தச்சன் தேனீ" ஆகிய பெயர்களும் இதே தொழிலைச் சுட்டுவன.

"டிராங்குபாரிக்கா" என்பது "தரங்கம்பாடியைச் சேர்ந்த" என்று பொருள்படும் இலத்தீன் வடிவம். இப்போதைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை தென்மார்க்கு நாட்டவரின் வணிகத்தலமாக இருந்தது. ஐரோப்பியர் நாவில் அவ்வூர்ப் பெயர் "டிராங்குபார்" எனத் திரிந்தது. லின்னேயசின் மாணவரும் கீல் பல்கலைக்கழகப் பேராசிரியருமான யோகான் கிறித்தியான் பப்ரீசியசு (1745 - 1808) 1804 ஆம் ஆண்டு இவ்வினத்தை முதன்முதலாக விவரித்தார். அக்காலத்தில் தரங்கம்பாடியிலிருந்து அவருக்குப் பூச்சிகளை அனுப்பி வந்தவர்களுள் தால்தோர்பு என்னும் தென்மார்க்குப் படை அதிகாரி குறிப்பிடத்தக்கவர். 1791 இல் தரங்கம்பாடியில் குளத்தருகே நின்ற பனைமரத்தின் தண்டில் ஒரு மீன் ஏறியிருந்ததைக் கண்டதாக எழுதி, பனையேறிக் கெண்டை பற்றிய நீண்டகால விவாதத்தைத் தொடக்கி வைத்தவரும் இவரே. எனவே அறிவியல் உலகில் தரங்கம்பாடியின் பெயர் பல உயிரினங்களுடன் ஒட்டிக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

இதனால் ஒரு குழப்பமும் உண்டு. சைலோக்கோப்பா டிராங்குபாரோரம் என்று மற்றொரு தச்சுத்தேனீ இனம் உள்ளது. இதனைச் சுவீடனைச் சேர்ந்த சுவேதெரசு 1787 இலேயே பெயரிட்டு விட்டார். அப்பெயரும் தரங்கம்பாடியிலிருந்தே வந்தது. ஆனால் தேனீ வேறு. டிராங்குபாரோரம் மூங்கிலில் கூடு கட்டும் பகல் இனம். டிராங்குபாரிக்கா மரத்தில் கூடு கட்டும் இரவு இனம். இரண்டும் வெவ்வேறு துணைப்பேரினங்களைச் சேர்ந்தவை. பெயரின் கடைசி எழுத்துகளைக் கவனியாமல் ஒன்றின் செய்தியை மற்றொன்றின் மேல் ஏற்றிவிடுவது எளிது.

வண்டா, தேனீயா

பேச்சு வழக்கில் தச்சுத்தேனீயை "வண்டு" என்பதே பெரும்பான்மை. பழந்தமிழில் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு முதலிய சொற்கள் பூவை நாடும் பறக்கும் பூச்சிகளுக்குப் பொதுவாக வழங்கின. ஆகவே இவ்வழக்கு பிழையன்று. ஆனால் இன்றைய பாடநூல்களில் "வண்டு" என்பது கெட்டியான முன்சிறகு உறை கொண்ட பூச்சி வரிசைக்கு உரிய சொல்லாகிவிட்டது. அப்பொருளில் தச்சுத்தேனீ வண்டு ஆகாது. இதற்கு மெல்லிய சவ்வுச் சிறகுகள் இரண்டு இணை உள்ளன. மகரந்தமும் பூந்தேனுமே இதன் உணவு. வீட்டுத் தேனீயும் மலைத்தேனீயும் அடங்கிய அதே குடும்பத்தில் இது அடங்குகின்றது. ஆனால் தேனடை கட்டுவதில்லை. எடுக்கத்தக்க தேனும் சேர்ப்பதில்லை.

மரத்தையே துளைக்கவல்ல வண்டு, மாலையில் குவிந்த தாமரையின் மெல்லிதழைத் துளைக்காது உள்ளே அகப்பட்டுக் கிடக்கும் என்னும் கற்பனை இந்தியக் கவிதை மரபில் பரவலாக உள்ளது. மரம் துளைக்கும் பூச்சியும் பூவுக்கு வரும் பூச்சியும் ஒன்றே என்பதைப் பழங்காலத்தவர் கண்டிருந்தனர் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ளலாம். கர்ணனின் தொடையைத் துளைத்த உயிர் நாட்டார் வழக்கில் வண்டு எனப்படுவதும் இங்கு நினைக்கத்தக்கது. உண்மையில் எந்தத் தச்சுத்தேனீயும் உயிருள்ள உடலைத் துளைப்பதில்லை.

தோற்றம்

தச்சுத்தேனீக்கள் தேனீக்களுள் மிகப்பெரியவற்றைச் சேர்ந்தவை. தரங்கம்பாடித் தச்சுத்தேனீ ஏறத்தாழ இரண்டு செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நீளமும் பருத்த உடலும் கொண்டது. பகல் இனங்களிற் பலவற்றில் காணும் மினுமினுக்கும் கருமையும் சிறகுகளின் நீலச் செவ்வூதாப் பளபளப்பும் இதில் முனைப்பாக இல்லை. உடலைப் போர்த்தும் மயிர்கள் செம்பழுப்பு நிறமானவை. சிறகுகளும் பழுப்புச் சாயல் உடையவை. கையில் எடுத்துப் பார்ப்பவருக்குத் துருப்பிடித்த இரும்பின் நிறம் நினைவுக்கு வரும்.

இவ்வினத்தை அடையாளம் காண நிறத்தைவிடத் தலையே உதவும். தலையின் இரு பக்கங்களையும் பெரிய கூட்டுக்கண்கள் நிறைத்துள்ளன. உச்சியில், முக்கோணமாக அமைந்த மூன்று தனிக்கண்கள் மணிகளைப் போலப் புடைத்து நிற்கும். பகலில் பறக்கும் தச்சுத்தேனீயில் இத்தனிக்கண்கள் சிறு புள்ளிகளாக மயிரிடையே மறைந்திருக்கும். இரவு இனத்திலோ ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மி.மீ. விட்டம் கொண்டது. இறந்து கிடக்கும் தேனீ ஒன்றைக் கண்டெடுத்தால், சாதாரணக் கைவில்லையைக் கொண்டே இவ்வேறுபாட்டை அறியலாம்.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் பகலில் காணும் கரிய இனங்களுடன் இதனை ஒப்பிடும்போது சில பொது இயல்புகளையும் அறிந்திருத்தல் நன்று. பெரும்பாலான தச்சுத்தேனீக்களில் வயிற்றின் மேற்பரப்பு பெரும்பாலும் மயிரற்று வழவழப்பாக இருக்கும்; குளிர்நாடுகளில் வாழும் பம்பிள் தேனீயின் வயிறு அடர்ந்த மயிர் உடையது. தமிழ்நாட்டின் சமவெளியில் பம்பிள் தேனீக்கள் இல்லை. எனவே சமவெளியில் காணும் பருத்த, இரைச்சலிடும் தேனீ பெரும்பாலும் தச்சுத்தேனீயே. பல இனங்களில் ஆணும் பெண்ணும் வேறுவேறு நிறம் கொண்டு, பெண் கருமையாகவும் ஆண் மஞ்சளாகவும் இருப்பதுண்டு. இவற்றை இரண்டு இனங்கள் என்று முற்காலப் பூச்சியியலாளர் பதிவு செய்த நிகழ்வுகளும் உள்ளன.

ஆண்களுக்குக் கொடுக்கு இல்லை. பூச்செடி அருகே ஓரிடத்தில் அந்தரத்தில் நின்று, நெருங்குவோர் முகத்துக்கு நேரே பாய்வது போலப் பறந்து அச்சுறுத்துவது பெரும்பாலும் இந்த ஆண்களே. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. ஆயினும் கையால் பிடித்தாலோ நசுக்கினாலோ அன்றிக் கொட்டுவதில்லை.

இரவில் காணும் கண்கள்

பூச்சிகளின் கூட்டுக்கண்கள் இரு பெரும் வகையின. அந்துப்பூச்சிகளின் கண்ணில் பல வில்லைகள் வழியாக வரும் ஒளி ஒரே ஒளியுணர் உறுப்பின் மீது குவிக்கப்படும். இது இருளுக்கு ஏற்றது. தேனீக்களின் கண்ணிலோ ஒவ்வொரு வில்லையும் தனக்குக் கீழுள்ள ஒளியுணர் தண்டுக்கு மட்டுமே ஒளி தரும். இவ்வமைப்பு நண்பகல் வெயிலுக்கு உரியது. இருளில் பயன்படக் கூடாதது. அப்படியிருக்க இத்தேனீ இரவில் எவ்வாறு பறக்கின்றது என்பதே ஆய்வாளர்களை ஈர்த்த கேள்வி.

இக்கேள்விக்கான முதன்மை ஆய்வு இந்தியாவிலேயே நடந்தது. மகாராட்டிர மாநிலத்தின் பீமாசங்கர் காட்டுயிர்ப் புகலிடத்தில் ஏமா சோமநாதன், இரெனே போர்சசு ஆகியோர் சுவீடன் நாட்டு இலுண்டு பல்கலைக்கழகத்தின் எரிக் வாரண்டு, அல்முத் கெல்பர் ஆகியோருடன் இணைந்து அங்கு ஒருங்கே வாழும் மூன்று தச்சுத்தேனீ இனங்களை ஒப்பிட்டனர். முடிவுகள் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. சைலோக்கோப்பா லியூக்கோதோராக்சு பகலில் மட்டும் பறந்தது. சைலோக்கோப்பா டெனுயிசுகாப்பா பகலில் பறந்து, சிலவேளை அந்தியிலும் வெளிவந்தது. தரங்கம்பாடித் தச்சுத்தேனீ முழுமையாக இரவுக்கே உரியதாக இருந்தது. நிலவற்ற இரவுகளிலும் பறந்தது.

கண்களை அளந்தபோது, தரங்கம்பாடித் தச்சுத்தேனீயின் கண்ணில் வில்லைகள் பெரியனவாகவும் ஒளியுணர் தண்டுகள் மிக அகலமாகவும் இருந்தன. இதனால் அதன் ஒளியுணர்திறன், அந்தி இனத்தைவிட 9 மடங்கும் பகல் இனத்தைவிட 27 மடங்கும் மிகுதி எனக் கணக்கிடப்பட்டது. 27 மடங்கு என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் வெயிலுக்கும் விண்மீன் ஒளிக்கும் உள்ள வேறுபாடு கோடிக்கணக்கான மடங்கு. எனவே கண்ணின் வடிவம் மட்டும் இதற்கு விடையாகாது. ஒளிப்படக் கருவியில் மூடியை நீண்ட நேரம் திறந்து வைப்பது போல ஒவ்வோர் உணர்வணுவும் ஒளியை நெடுநேரம் சேர்ப்பதும், பக்கத்துப் பக்கத்து அலகுகளின் குறிப்புகளை நரம்பு மண்டலம் ஒன்றாகக் கூட்டிக்கொள்வதும் உதவக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். இம்முறையில் காட்சியின் நுணுக்கம் குறையும். ஆனால் காட்சி கிடைக்கும்.

2008 இல் வெளியான மற்றொரு சோதனை இன்னும் வியப்புக்குரியது. கூட்டின் வாயிலில் வண்ண அட்டைகளை அடையாளமாக வைத்துப் பழக்கியபின் அவற்றை இடம் மாற்றியபோது, இத்தேனீக்கள் நிறத்தைக் கொண்டே தம் வாயிலைத் தேடின. அந்த ஒளியில் மனிதனுக்கு எந்த நிறமும் தெரியாது. எல்லாம் சாம்பலாகவே தோன்றும். இரவில் நிறம் காணும் திறன் இதற்கு முன் சில அந்துப்பூச்சிகளிலும் பல்லி வகைகளிலும் அறியப்பட்டிருந்தது. தேனீக்களில் இதுவே முதற்சான்று.

இரவில் பறக்கும் தேனீ இது ஒன்றே என்பதில்லை. மலைத்தேனீ நிலவொளியில் பறப்பதுண்டு. நடு அமெரிக்காவின் மெகலோப்டா தேனீக்கள் வைகறைக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் காட்டிருளில் பறக்கின்றன.

பரவல்

தச்சுத்தேனீப் பேரினத்தில் உலகெங்கும் 400 முதல் 500 வரையான இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை வெப்பமண்டலத்தையும் அதனை அடுத்த வெப்பப் பகுதிகளையும் சேர்ந்தவை. பருத்த உடல் பறப்பதற்கு முன் தசைகளைச் சூடேற்றிக் கொள்ள வேண்டியிருப்பதும், முழுவளர்ச்சியடைந்த தேனீ பல மாதங்கள் உயிர்வாழ்வதும், ஆண்டின் பெரும்பகுதி பூக்கள் கிடைக்க வேண்டியிருப்பதும் இதற்குக் காரணங்களாகலாம். ஐரோப்பாவின் செவ்வூதாத் தச்சுத்தேனீ போன்ற சில இனங்களே குளிர்காலத்தை மரத்துளைகளில் உறங்கிக் கழிக்கின்றன.

தரங்கம்பாடித் தச்சுத்தேனீ நிக்டோமெலிட்டா என்னும் சிறிய துணைப்பேரினத்தைச் சேர்ந்தது. "இரவுத் தேனீ" என்பதே இப்பெயரின் பொருள். இதில் மூன்று இனங்களே உள்ளன. மூன்றும் ஆசிய வெப்பமண்டலத்துக்கு உரியவை. அவற்றுள் தரங்கம்பாடித் தச்சுத்தேனீ இந்தியாவிலிருந்து மியன்மார், தாய்லாந்து, மலாய்த் தீவக்குறை ஆகியவற்றினூடாக இந்தோனேசியா வரை பரந்துள்ளது. தமிழகக் கரையிலிருந்து பெயர் பெற்றதாயினும் இதைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் தாய்லாந்திலுமே நிகழ்ந்தன.

வெப்பத்துக்கு அடுத்தபடியாகப் பரவலை வரையறுப்பது காய்ந்த மரம். மண்ணில் குழி தோண்டும் தேனீக்களுக்கு நிலம் போதும். தச்சுத்தேனீக்குப் பட்ட கிளை, உளுத்துப்போகாத காய்ந்த தண்டு, மூங்கில் அல்லது மனிதன் அறுத்த மரம் வேண்டும். மிக வைரமான மரத்தையும் மட்கிப்போன மரத்தையும் அது விரும்புவதில்லை. ஆகவே ஒரு நிலப்பகுதியில் தச்சுத்தேனீ உண்டா என்பதற்கு அங்குள்ள பூக்களைவிட அங்குள்ள விறகே சிறந்த குறி எனலாம்.

முத்துக்குளித்துறைக் கடற்கரை

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரை தமிழகத்தின் வறண்ட பகுதிகளுள் ஒன்று. உப்பளங்கள், திருச்செந்தூர் - சாத்தான்குளம் வட்டாரத்தின் செம்மணல் தேரிகள், பனைக்கூட்டங்கள், குடை விரித்தாற்போன்ற உடைமரங்கள், எங்கும் பரவிய சீமைக்கருவேல் ஆகியவை இந்நிலத்தின் அடையாளங்கள். பெருங்காடு இங்கு இல்லை. பட்ட கிளைகள் வேலியோரத்திலும், குளக்கரையிலும், தோட்டங்களிலும், பழைய கூரைகளிலும் மட்டுமே எஞ்சுகின்றன. அவையும் விரைவில் விறகாகவும் கரியாகவும் மாறிவிடுகின்றன.

மரம் துளைக்கும் உயிர் என்றால் இக்கரையின் கடல்தொழிலாளருக்கு முதலில் நினைவு வருவது தேனீயன்று. தோணியின் அடிமரத்தை அரிக்கும் கப்பற்புழுவே. பெயர் புழுவாயினும் அது இருவோட்டு மெல்லுடலி, முத்துச்சிப்பிக்கு உறவு. நீருக்குக் கீழ் மரத்தைத் துளைப்பது சிப்பியின் உறவும், நீருக்கு மேல் துளைப்பது தேனீயின் உறவுமாக இருப்பது இக்கரையின் ஒரு விந்தை. இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. கப்பற்புழு மரத்தைத் தின்று செரிக்கின்றது. தச்சுத்தேனீ மரத்தைத் தின்பதில்லை. கடித்தெடுத்த தூளை வெளியே தள்ளிவிடும்.

இவ்வட்டாரத்தில் பகல் இனங்களைக் காண எருக்கஞ்செடி அருகே சிறிது நேரம் நிற்பதே போதும். எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக இல்லாமல் கட்டிகளாக அமைந்துள்ளது. அவற்றை இழுத்தெடுத்து மற்றொரு பூவில் சேர்க்க வலுவான கால்களும் பெரிய உடலும் கொண்ட பூச்சி தேவை. தச்சுத்தேனீயே அதற்கு ஏற்றது. உப்புக்காற்று வீசும் தரிசிலும் எருக்கு ஆண்டு முழுதும் பூப்பதனால், வேறு பூக்கள் இல்லாத மாதங்களில் இத்தேனீக்களைக் காப்பாற்றுவதும் அதுவே.

கூடும் வாழ்க்கையும்

கூடு அமைப்பது பெண்ணின் வேலை. வலிமையான தாடைகளால் மரத்தைச் சுரண்டி, விரல் நுழையுமளவு வட்டமான வாயில் ஒன்றை அமைக்கும். துளைக்கருவியால் போட்டது போன்ற அந்த வட்டமும், கீழே குவிந்து கிடக்கும் மரத்தூளும் கூட்டைக் காட்டிக்கொடுக்கும். வாயிலிலிருந்து சிறிது உள்ளே சென்றதும் சுரங்கம் மர நரம்பின் போக்கில் திரும்பும். நரம்புக்குக் குறுக்கே துளைப்பதைவிட நெடுகத் துளைப்பது எளிது என்பது எந்தத் தச்சருக்கும் தெரிந்த செய்தி.

சுரங்கத்தின் கடைக்கோடியில் மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு முட்டையிடும். பின்பு மரத்தூளைத் தன் எச்சிலால் குழைத்து ஒரு தடுப்புச் சுவர் எழுப்பும். அடுத்து இன்னோர் உருண்டை, இன்னொரு முட்டை, இன்னொரு சுவர். இப்படி ஒரு வரிசையில் சில அறைகள் மட்டுமே அமையும். வீட்டுத் தேனீயின் அரசி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிட, தச்சுத்தேனீ தன் வாழ்நாளில் இடுவது மிகச்சில. ஆனால் அம்முட்டைகள் பூச்சி உலகிலேயே மிகப்பெரியவற்றைச் சேர்ந்தவை. சைலோக்கோப்பா ஆரிப்பென்னிசு என்னும் ஆசிய இனத்தின் முட்டை 16 மி.மீ.க்கு மேல் நீளமுடையது என அளவிடப்பட்டுள்ளது.

குறைந்த முட்டைகளை இட்டு அவற்றைக் கவனமாகக் காக்கும் உயிர்களுக்கு ஒரு பொது இடர் உண்டு. ஒரு கூடு அழிந்தால் அந்தத் தாயின் பெரும்பாலான வாரிசுகளும் அழிந்துவிடும். பட்ட கிளை ஒன்று விறகுக்கு வெட்டப்படும்போது நடப்பது இதுவே.

புதிதாக வெளிவரும் இளந்தேனீக்கள் உடனே பிரிந்து செல்வதில்லை. பல இனங்களில் அவை சில காலம் தாயின் கூட்டிலேயே தங்கி, தாய் கொணரும் உணவை வாய்வழியாகப் பெறும். அதே கூடு துப்புரவு செய்யப்பட்டு அடுத்த தலைமுறைக்கும் பயன்படும். மரங்கொத்தி கூட்டைக் கொத்தித் திறந்து புழுக்களைத் தின்பதுண்டு.

பூக்களும் பயிர்களும்

தச்சுத்தேனீக்களின் பயன் வேளாண்மையில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. ஏனெனில் சாத்தான்குளம், உடன்குடி வட்டாரங்களின் மணற்பாங்கான நிலத்தில் முருங்கை முக்கியப் பயிர். முருங்கையின் மகரந்தச் சேர்க்கையை விசாகப்பட்டினத்தில் ஆராய்ந்து 1990 இல் வெளியான ஆய்வு ஒன்று, பூக்களுக்கு வரும் பல்வேறு பூச்சிகளுள் சைலோக்கோப்பா இனங்களே மிகுதியாக வந்து மகரந்தத்தைத் திறம்பட மாற்றுவதாகக் கண்டறிந்தது. உடல் பெரிதாக இருப்பதனால், பூந்தேனை உறிஞ்சும்போதே மகரந்தப்பையும் சூலகமுடியும் அதன் உடலில் உரசிவிடுகின்றன. சிறு தேனீக்கள் அவற்றைத் தொடாமலே உணவெடுத்துச் செல்ல முடியும்.

ஆவாரை, கத்தரி, தக்காளி போன்ற செடிகளில் மகரந்தப்பை நுனித்துளை வழியாகவே திறக்கின்றது. பூவைப் பற்றிக்கொண்டு மார்புத் தசைகளை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்ப்பது தச்சுத்தேனீயின் திறமை. வீட்டுத் தேனீயால் இது இயலாது. ஆவாரம்பூவில் கேட்கும் விட்டு விட்டு ஒலிக்கும் உரத்த ரீங்காரம் இவ்வதிர்வின் ஓசையே. சணப்பும் தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. பெரிய தேனீக்களை நம்பியுள்ளது.

இதற்கு மாறான செயலும் உண்டு. நீண்ட குழல்போன்ற பூக்களில் நாக்கு எட்டாதபோது, தச்சுத்தேனீ குழலின் அடியைக் கீறித் துளையிட்டுப் பூந்தேனைத் திருடிக்கொள்ளும். அப்போது மகரந்தச் சேர்க்கை நிகழ்வதில்லை.

மரச்சேதமும் துறைமுகமும்

வீட்டு உத்தரத்திலும் சாளரச் சட்டத்திலும் தச்சுத்தேனீ துளையிடும்போது அதனைக் கொல்வதே வழக்கம். ஒரு துளையால் மரத்தின் வலிமை பெரிதும் குறைவதில்லை. கறையானின் சேதத்துடன் இதை ஒப்பிட இயலாது. ஆனால் அதே மரத்தில் ஆண்டாண்டாகச் சுரங்கங்கள் நீளும்போது மெல்லிய கட்டைகள் பழுதாகலாம். வண்ணம் பூசிய, மழமழப்பான மரத்தை இத்தேனீ பெரும்பாலும் தவிர்க்கின்றது. ஆகவே உத்தரத்துக்கு வண்ணம் பூசி, தோட்டத்தின் மூலையில் காய்ந்த மூங்கில் துண்டுகளையோ பட்ட கிளையையோ விட்டு வைப்பது தேனீயைக் கொல்லாமலே வீட்டைக் காக்கும் வழியாகும். மூங்கில் துண்டின் ஒரு முனை கணுவால் மூடியிருக்க வேண்டும். மழைநீர் புகாதவாறு கிடையாகக் கட்ட வேண்டும். இது மூங்கிலை ஏற்கும் இனங்களுக்கு மட்டுமே பயன்படும்; தரங்கம்பாடித் தச்சுத்தேனீக்குக் கட்டையான மரமே தேவை.

மரத்துக்குள் வாழும் உயிர் என்பதனால் தச்சுத்தேனீ மரத்துடன் கடல் கடக்கவும் கூடும். முன்பு கூறிய டிராங்குபாரோரம் இனம் 2000களின் பிற்பகுதியில் சப்பான் நாட்டின் ஐச்சி மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இறக்குமதியான மூங்கிலுடன் அது வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகின்றது. அங்கு அது இப்போது நிலைபெற்றுவிட்டது. தரங்கம்பாடியின் பெயரைச் சுமந்த தேனீ ஒன்று, பெயரிடப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் சப்பானில் அயல் இனமாகப் பட்டியலிடப்பட்டது இவ்வாறே.

தூத்துக்குடி வ. உ. சிதம்பரனார் துறைமுகம் 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு இறங்கும் சரக்குகளுள் வெளிநாட்டு மரத்தடிகளும் உள்ளன. இந்தியாவில் இவை 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுக்காப்பு ஆணையின் கீழ்ச் சோதிக்கப்படுகின்றன. பொதி கட்டும் பலகைகள் 2002 இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு விதிப்படி, நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருக்குமாறு சூடேற்றப்பட வேண்டும், அல்லது நச்சுப்புகை ஊட்டப்பட வேண்டும். சூடேற்றப்பட்ட மரப்பொதிகளில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம் முத்திரையிடப்பட்டிருக்கும். வெட்டிய மரத்தடியின் பக்கத்தில் விரல் பருமனுள்ள வட்டத்துளையும் அதனடியில் புதிய மரத்தூளும் காணப்பட்டால், அது உள்ளே தேனீ இருப்பதன் குறி.